இக்கரையில் கழிவறை, அக்கரையில் வரிசை

பேரன்புக்குரிய சிசுயே அக்கா அவர்களுக்கு,

தங்கை இகுகோ இரண்டு கைகளையும் தரையில் ஊன்றித் தலை தாழ்த்தி எழுதுவது. மலை உச்சியில் முதல் பனி தெரிகிறது. ஆற்றங்கரை நாணலெல்லாம் வெளுத்துவிட்டது. கடலோரத்தில் உங்களுக்குக் காற்று இன்னும் கடுமையாக இருக்கும். அத்தானின் இடுப்பு வலி குறைந்ததா? நீங்கள் அனுப்பிய காக்கிப் பழப் பெட்டி வந்து சேர்ந்தது. துவர்ப்பு துளியும் இல்லை. சாமி மாடத்தில் அம்மா அப்பா படத்துக்கு முன்னால் இரண்டு வைத்தேன். மிச்சத்தை உங்கள் மைத்துனர் குனிஹாரு தின்றுகொண்டிருக்கிறார். இங்கே எல்லாரும் சுகம், கடையும் சுகம், நானும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

இதற்கு மேல் 'நீங்கள்' போட்டு எழுத முடியாது, மன்னித்துக்கொள். மரியாதையோடு வயிறெரிய எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் தொலைபேசியில் நீ கேட்டாய்: "என்னடி, தமாயோ மேல பொறாமையா?" நான் "சேச்சே" என்றேன். அடுப்பில் பானை பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பானை பொங்கவில்லை. அடுப்பே பற்ற வைக்கவில்லை. தொலைபேசியில் நீ குறுக்கே குறுக்கே சிரிப்பாய். கடிதத்தில் சிரித்தால் எனக்குக் கேட்காது. அதனால்தான் எழுதுகிறேன். செண்டாயில் இலக்கியம் படித்தவள் நான், ஓர் உணர்ச்சிக்குச் சரியான பெயர் வைக்கத் தெரியும். என்னிடம் இருப்பது பொறாமை அல்ல, நியாய உணர்வு. அது இரவும் பகலும் வயிற்றில் எரிகிறது என்பது வேறு விஷயம்.

இமோனி என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீ மறந்துவிட்டாயோ என்ற சந்தேகத்தில் சொல்கிறேன். யமகதாவில் மலைக்கு இந்தப் பக்கம் பிறந்தவர்களுக்கு இமோனி என்பது சேப்பங்கிழங்கு, மாட்டிறைச்சி, வெங்காயத்தாள் போட்டு, சோயாச் சாறு ஊற்றிக் கொதிக்கவைப்பது. அவ்வளவுதான். மலைக்கு அந்தப் பக்கம், நீ வாழ்க்கைப்பட்ட கடலோரத்தில், பன்றி இறைச்சியைப் போட்டு, புளித்த சோயா விழுதான மீசோவைக் கரைத்துவிட்டு அதற்கும் கூசாமல் அதே பெயரை வைத்திருக்கிறார்கள். கல்யாணமாகிப் போன முதல் இலையுதிர் காலத்தில் உன் மாமியார் நீட்டிய கிண்ணத்தைப் பார்த்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டு அழுதாயே, நினைவிருக்கிறதா? "அம்மா, இவங்க பன்னி சூப்பை இமோனிங்கிறாங்க!" என்று. இப்போது நீயே மீசோ கரைக்கிறாய். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் வயிறு, உன் கல்யாணம்.

தமாயோ உன் ஊர்ப் பக்கத்திலிருந்து நம் ஊருக்கு மருமகளாக வந்தவள். நீ போன ரயில் திரும்பி வரும்போது அவளை ஏற்றிக்கொண்டு வந்தது என்று அம்மா சொல்வாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் அவளுடைய சின்னச் சாப்பாட்டுக் கடை. இந்தப் பக்கம், ரயில் நிலையத்திலிருந்து இறங்கியதும் நம் கடை. இருபது வருஷமாக அவள் கடையில் மதியத்துக்கு லாரி ஓட்டுகிறவர்கள் நாலு பேர் இருப்பார்கள். இலையுதிர் காலத்தில் ஊரே ஆற்றங்கரையில் கல் அடுக்கிப் பானை வைக்கும்போது அவளும் ஓர் ஓரமாகத் தன் மீசோப் பானையை வைப்பாள். அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லாரும், நான் உட்பட, "என்ன தமாயோ, உன் பன்னி சூப்பு கொதிச்சாச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போவோம். அன்போடுதான் விசாரிப்போம். அவளும் சிரிப்பாள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

போன வருஷம் வசந்தத்தில் தோக்கியோவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அனிமே கார்ட்டூன் தொடர் எடுக்கிற நிறுவனத்தில் பின்னணிக் காட்சி வரைகிறவர்களாம். வெளுத்த ஆணும் தூக்கம் கெட்ட பெண்ணுமாக நம் கடையில் உட்கார்ந்து இமோனி சாப்பிட்டார்கள். சுவரைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், வாசல் திரையை விரலால் தொட்டுப் பார்த்தார்கள். "இந்த ஆத்தங்கரைய வெச்சு ஒரு கதை பண்றோம்மா. அஞ்சு ஸ்கூல் பொண்ணுங்க சேந்து ரேடியோ நடத்துறாங்க. உங்க கடைய நாளைக்கு வந்து படம் எடுத்துக்கலாங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். அக்கா, நீயே சொல், நாளைக்கு வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றால் நம்மை எப்படி வளர்த்தார்கள்? கடையை அப்போதே சாத்தினேன். நானும் உன் மைத்துனரும் சுவரில் படிந்திருந்த புகைக்கறையைச் சுரண்டினோம். ஓரம் நைந்த வாசல் திரையைக் கழற்றிவிட்டுப் புதுத்திரை தொங்கவிட்டோம். பழுப்பேறிய விலைப்பலகையை எடுத்துவிட்டு அவர் கணினியில் அச்சடித்ததை ஒட்டினார். விளக்கெல்லாம் பளிச்சென்று வெள்ளை விளக்காக மாற்றினோம். ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது கடை.

மறுநாள் வந்தார்கள். வாசலில் நின்று பற்களுக்கிடையே காற்றை இழுத்தார்கள். "ரொம்ப... சுத்தமா இருக்குங்க" என்றான் அந்த வெளுத்த ஆள். யாரோ இறந்துபோன வீட்டில் துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னான். நாலு படம் எடுத்துவிட்டு, தலை குனிந்து குனிந்து வணங்கி, அப்படியே பின்னால் நகர்ந்து பாலத்தில் ஏறிவிட்டார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் யார் கடை இருக்கிறது? ஓடாத கடிகாரம், கிழிந்த திரை, கால் ஆடுகிற நாற்காலி, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒட்டடை அடிக்காத கூரை என்று யார் உட்கார்ந்திருக்கிறாள்? சோம்பேறித்தனத்துக்குக் கலை என்று பெயர் வைக்கிறார்கள், அக்கா.

தொடர் வந்தது. 'ஆற்றங்கரை வானொலி'. நான் பார்க்கவில்லை. எல்லா அத்தியாயத்தையும் பார்க்கவில்லை. ஏழாம் அத்தியாயத்தைப் பலமுறை பார்த்தேன். அதில் சுசுனே என்ற பெண், மைக் முன்னால் வாய் திறக்கவே பயப்படுகிறவள், மழையில் நனைந்துபோய் ஒரு கடைக்குள் நுழைகிறாள். கடைக்காரி ஒன்றும் பேசாமல் ஒரு கிண்ணம் வைக்கிறாள். ஆவி பறக்கிறது. சுசுனே ஒரு கிழங்கை எடுத்து வாயில் போடுகிறாள், கண்ணில் நீர் கோத்துக்கொள்கிறது, "சூடா இருக்கு" என்கிறாள். அவ்வளவுதான், நாடே உருகிவிட்டது. கிண்ணத்தில் என்ன? மீசோ! மலைக்கு இந்தப் பக்கத்து ஊரில், நம் ஆற்றங்கரையில், நம் மழையில் நனைந்த பெண், பன்றி இறைச்சி போட்ட மீசோ இமோனியைச் சாப்பிட்டுவிட்டு அழுகிறாள்! நானும்தான் அழுதேன். வேறு காரணத்துக்காக.

அதற்குப் பிறகு யாத்திரைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். படத்தில் வந்த இடத்தையெல்லாம் கோயில் கோயிலாகக் கும்பிடுவது போலத் தேடி வருகிறவர்களுக்கு அப்படித்தான் பெயர். முதல் ரயிலில் வருவார்கள், முதுகுப்பையில் சுசுனே தொங்குவாள். நம் கடை வாசலில் நிற்பார்கள். ஒவ்வொரு முறையும் நான் ஒரு கிண்ணத்தைத் துடைத்து எடுத்து வைப்பேன்.

"மன்னிக்கணும்ங்க, தமாயோ அம்மா கடைக்கு இந்தப் பாலம்தானே?"

"ஆமா, நேரா போங்க."

"ரொம்ப நன்றிங்க. அப்புறம்... கேக்கறதுக்கே கூச்சமா இருக்கு..."

"உள்ள வலப்பக்கம். செருப்ப மாத்திக்குங்க."

தமாயோ கடையில் கழிவறை மாடிப்படிக்கு அடியில் ஒன்றே ஒன்று, அதுவும் தலை இடிக்கிற உயரத்தில். யாரோ ஒருவன் இணையத்தில் எழுதிவைத்துவிட்டான்: 'பாலம் ஏறுமுன் இடப்பக்கக் கடையில் போய்விட்டுச் செல்லவும், மிகத் தூய்மை.' ஆக, நான் புகைக்கறையைச் சுரண்டியதற்கு நாடறிந்த புகழ் கிடைத்துவிட்டது. நம் ஜனங்களின் நாகரிகம் உனக்குத் தெரியுமே, சும்மா போகமாட்டார்கள். மறுமுறை வரும்போது அவரவர் ஊர் இனிப்பை வண்ணத்தாளில் சுற்றி இரண்டு கைகளாலும் நீட்டுகிறார்கள், "அன்னைக்கு உதவி பண்ணீங்களே" என்று. நகோயா பணியாரம், ககவா மிட்டாய், ஹொக்கைடோ வெண்ணெய் பிஸ்கட். இந்த நாட்டின் எந்த மூலையில் என்ன இனிப்பு என்று இப்போது எனக்கு அத்துப்படி. எல்லாம் கழிவறையின் புண்ணியம். ஒருவர்கூட உட்கார்ந்து ஒரு கிண்ணம் சாப்பிடவில்லை. பசியை அந்தக் கரைக்கு வைத்துக்கொள்கிறார்கள், மற்றதை இந்தக் கரையில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இதையும் தாங்கிக்கொண்டேன். வீட்டுக்குள் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. ஒருநாள் மதியம் உன் மைத்துனர் மொத்தக் கடைக்குப் போய் வெங்காயத்தாள் வாங்கி வந்தார். பக்கத்தில் வந்ததும் ஒரு வாசனை.

"என்ன வாசனை இது?"

"எது?"

"சட்டையில."

சட்டையை இழுத்து முகர்ந்தார். "ஆத்துக் காத்து."

"ஆத்துல எப்பத்திலேருந்து மீசோ கரைக்கிறாங்க?"

குனிஹாரு பொய் சொல்லத் தெரியாத மனிதர். காது சிவந்துவிட்டது. "இகுகோ, நீ நினைக்கிற மாதிரி ஒண்ணுமில்ல. சாப்பிட்டேன், அவ்வளவுதான்."

"எத்தனை நாளா?"

"சுசுனே கிடைக்கிற வரைக்கும்தான்னு நெனச்சேன். அவ வரவே மாட்டேங்கிறா."

தமாயோ கடையில் ஒரு சாப்பாட்டுக்கு ஒரு வட்ட அட்டை கொடுக்கிறார்கள், டம்ளருக்கு அடியில் வைப்பது. ஐந்து பெண்களில் யாராவது ஒருத்தியின் படம் இருக்கும். உறையைப் பிரித்தால்தான் யாரென்று தெரியும். மற்ற நால்வரும் இவரிடம் கட்டுக் கட்டாகச் சேர்ந்துவிட்டார்கள், அலமாரியில் துண்டுகளுக்குப் பின்னால். ஐம்பது வயது தாண்டிய மனிதர். வேறொருத்தியோடு பிடிபட்ட கணவன் "அவ எனக்கு யாருமே இல்ல" என்பான், மனைவியும் அழுதுவிட்டு மன்னிப்பாள். இவர் என்னிடமே புலம்புகிறார்: "நீயே சொல்லு, இவ்வளவு தின்னும் ஒரு தடவகூட வரலன்னா என்ன அர்த்தம்?" இருபது வருஷமாக என் கையால் சாப்பிட்டவர் ஒருநாளும் என் சமையலில் யாரையும் எதிர்பார்த்து ஏங்கியதில்லை என்பதுதான் எனக்கு உறைத்தது. அதை யோசித்துக்கொண்டே பாத்திரம் கழுவினேன். ஒரு கிண்ணம் உடைந்தது. என்னுடையதுதான்.

அப்படி என்னதான் வைக்கிறாள் பார்த்துவிடுவோம் என்று நானும் பாலம் ஏறினேன். முகமூடி, கறுப்புக் கண்ணாடி, அவருடைய மீன்பிடித் தொப்பி. வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண், "நீங்க எந்த ஊர்லேருந்து வர்றீங்க?" என்றாள். "ரொம்ப தூரம்" என்றேன். மனத்தளவில் அது உண்மை. உள்ளே யாத்திரைக்காரர்கள் எல்லாரும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் வெட்டிய சுசுனே பொம்மையைக் கிண்ணத்துக்கு முன்னால் நிறுத்தி, படத்தில் வந்த அதே கோணத்துக்காக மேசையில் கன்னத்தை வைத்துச் சாய்ந்துகொண்டு படமெடுத்தார்கள். நான் தலையைக் குனிந்தபடி விரலால் ஒரு கிண்ணம் என்று காட்டினேன். தமாயோ கொண்டுவந்து வைத்தாள்.

"சூடா இருக்கு, பாத்து. நாக்குக்குப் பழக்கமில்லன்னா சோயா கொண்டாரவா, இகுகோ?"

கடை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்.

அந்தத் தொப்பிக்குள்ளேயே என்னைப் புதைத்துவிடலாம் போல இருந்தது. ஆனாலும் சாப்பிட்டேன். ருசியைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன், அக்கா. உப்பு தூக்கல். இரண்டு கிண்ணம் சாப்பிட்டதால் உறுதியாகச் சொல்ல முடியும். போதாததற்கு, உறையைப் பிரித்தால் சுசுனே. மழையில் நனைந்தபடி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து குளிர்பெட்டியில் மாட்டிறைச்சிக்கு அடியில் வைத்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. கொடுத்தால் அங்கே போவதை நிறுத்திவிடுவார்தான். ஆனால் தமாயோ கொடுத்த அட்டையால்தான் என் புருஷன் என் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தார் என்று ஆகிவிடுமே. இப்படியெல்லாம் யோசிக்கிற மூளையை எதற்குப் படிக்கவைத்தார்கள் என்று அப்பா மேல் கோபம் வந்தது.

இனிமேல்தான் விஷயமே. சுசுனேவுக்குப் பிறந்தநாளாம். அன்றைக்கு யாத்திரைக்காரர்கள் கூட்டமாக வருவார்களாம். ஆற்றங்கரையில் ஊர் சார்பில் பெரிய பானை வைத்துப் பரிமாற வேண்டும் என்று ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். அந்தப் பெரிய பானை யாருடையது? உனக்குத் தெரியும். மாமனார் காலத்திலிருந்து ஆற்றங்கரையில் ஊர்ப் பானை என்றால் நம் கடைப் பானை. நான் கல்யாணமாகி வந்து கற்றுக்கொண்ட முதல் வேலையே அதன் சாறுதான். ஆற்றங்கரைச் சங்கத் தலைவர் இப்போது பல் வைத்தியர் தொகாஷி. எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "வர்றவங்க படத்துல பாத்ததத்தானே எதிர்பார்ப்பாங்க. அதனால இந்தத் தடவ மட்டும் மீசோவா வெச்சா..."

மண்டபம் குளவிக்கூடு மாதிரி ஆனது.

"மீசோவா? எங்க தாத்தா ஆத்துக்குள்ளேருந்து எந்திரிச்சு வந்துருவாரு!"

"உங்க தாத்தா தாமரை மாதிரி ஆத்துலயா இருக்காரு?"

"அப்ப நாளைக்குப் படத்துல சுசுனே மண்ணத் தின்னா நாம மண்ணக் கிண்டுவோமா?" இது மீன்கடை அபெ.

"மண்ணத் தின்ன யாருய்யா நகோயாவுலேருந்து டிக்கெட் போட்டு வருவான்?"

நானும் எழுந்தேன். தயார் செய்து வைத்திருந்தேன். ஓர் ஊரின் உணவு என்பது அதன் நினைவு என்று தொடங்குகிற அழகான பேச்சு. எழுந்ததும் வாயில் வந்தது, "அது பன்னி சூப்பு!" மட்டும்தான். சிலர் கைதட்டினார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த தமாயோ தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நம் ஊர் வழக்கப்படி யாருக்கும் பிடிக்காத முடிவு எட்டப்பட்டது. இரண்டு பானை, பக்கத்தில் பக்கத்தில். எந்தப் பானைக்கு வரிசை நீளமோ, அதுவே அடுத்த வருஷத்திலிருந்து ஊர்ப் பானை. அக்கா, என் கடைக்குக் கூட்டம் வராமல் போகட்டும். அந்தப் பானை போய்விட்டால் நான் கழிவறைக்காரி மட்டும்தான்.

அந்த நாளும் வந்தது. நல்ல வெயில், ஆறு பளபளத்தது. மாட்டிறைச்சிக்குச் சிக்கனம் பார்க்கவில்லை. கிழங்கை நானே தோலெடுத்தேன், கை அரித்துத் தடித்துவிட்டது. அவருக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருந்தேன்: "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். என் வரிசையில போய் நில்லுங்க. சாப்பிட்டதும் மறுபடி கடைசியில போய் நில்லுங்க. வரிசை நீளமாத் தெரியணும்."

"சரி" என்றார். பொய் சொல்லத் தெரியாதவர் ஆயிற்றே என்று நம்பினேன். பானை கொதித்ததும் நிமிர்ந்து பார்த்தால் என் வரிசையில் மீன்கடை அபெயும் அவர் சம்சாரமும், பள்ளிக்கூடத் தலைமையாசிரியரும், ஓய்வுபெற்ற தபால்காரர்கள் சிலரும். எல்லாரும் சுசுனே யாரென்றே தெரியாதவர்கள். தமாயோவின் வரிசை நாணல் புதரைச் சுற்றி வளைந்து பாலத்தின் மேல் ஏறி அந்தக் கரை வரைக்கும் போயிருந்தது. அதன் நடுவில், என் கண்ணில் படக்கூடாது என்று முழங்காலை மடக்கிக் குள்ளமாக நின்றுகொண்டு, என் மீன்பிடித் தொப்பி. அதாவது அவருடைய தொப்பி. பிறந்தநாளுக்கு மட்டும் கொடுக்கிற அட்டையாம்.

அப்போது ஒரு பையன், இல்லை, முப்பது வயது இருக்கும், வரிசையில் நின்று களைத்துப்போனவன் போல, என்னிடம் வந்து ஒரு கிண்ணம் வாங்கினான். அக்கா, அந்த முதுகுப்பைக்காரர்களில் என் இமோனியைக் கையில் வாங்கிய முதல் ஆள்! நான் இறைச்சியை அள்ளிப் போட்டேன். கல்லில் போய் உட்கார்ந்தான். சுசுனே பொம்மையை எடுத்துக் கிண்ணத்துக்கு எதிரே நிறுத்தினான். இரண்டு கைகளையும் கூப்பினான். நான் கரண்டியைப் பிடித்தபடி நிற்கிறேன். பொம்மையிடம் மெல்லச் சொன்னான்:

"மன்னிச்சுக்கோ சுசுனே. இது உன்னோடது இல்ல. எனக்குப் பசி தாங்கல."

பிளாஸ்டிக்கிடம் மன்னிப்புக் கேட்கிறான், அக்கா! என் சாற்றுக்காக! மாமனாருடைய பானைக்காக! எனக்கு அந்தப் பொம்மையைப் பிடுங்கி ஆற்றில் வீசவேண்டும் போல இருந்தது. அது என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது. வரைந்த பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்படுகிற நிலைக்கு வந்துவிட்டேனே என்று தோன்றியதும்தான் அதன் பெயர் நியாய உணர்வு இல்லை என்று எனக்கே புரிந்தது. பெயரை மாற்றிக்கொள்கிறேன். நீ தொலைபேசியில் சொன்ன பெயரே சரி.

கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது தமாயோ ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு என் பானைக்கு முன்னால் வந்து நின்றாள். ஜெயித்தவள் பார்வையிட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"ஒரு கிண்ணம் கொடு" என்றாள்.

"எதுக்கு? உப்பு சரியா இருக்கான்னு பாக்கவா?"

"பசிக்குது. காலைலேருந்து நின்னுக்கிட்டே இருக்கேன்."

கொடுத்தேன். நின்றபடியே சாப்பிட்டாள். பாதி சாப்பிட்டுவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இகுகோ, நான் இந்த ஊருக்கு வந்து எத்தன வருஷம் உன் பானைக்குப் பக்கத்துல நின்னுருக்கேன், எண்ணிப் பாரு. ஒவ்வொரு வருஷமும் மொத ஆளா வந்து 'பன்னி சூப்பு ஆச்சா'ன்னு கேப்ப. ஒரு தடவயாவது ஒரு வாய் கேட்டுருக்கியா?"

நான் கரண்டியைக் கழுவினேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"கேட்டுருக்கேனே" என்றேன். "தொப்பி போட்டுக்கிட்டு வந்தேன்ல."

"அது கேட்டதா? அது திருட்டு." சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "எப்படியும் இந்தப் பசங்க ஒருநாள் வேற ஊருக்குப் போயிருவாங்க. அதுவரைக்குமாவது இந்த வரிசை எனக்குன்னு இருக்கட்டுமே. உனக்கு அப்படி என்ன கொறஞ்சுபோகுது?"

அவள் சொன்னது நியாயம். நியாயமான பேச்சைக் கேட்டால் பொறாமை தணியும் என்று புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள், அது பொய். இன்னும் கூடத்தான் செய்தது. நான் சொல்லியிருக்க வேண்டிய பேச்சு அது. அழகான பேச்சைக்கூட அவளே எடுத்துக்கொண்டாள். உன்னை நினைத்தேன், அக்கா. உன் மாமியார் வீட்டில் யாராவது உன் சோயாப் பானையிலிருந்து ஒரு வாய் கேட்டார்களா? நீ மீசோவுக்கு மாறியது அதனால்தானா? நான் இதுவரை கேட்டதே இல்லை. இப்போதும் கேட்கவில்லை, பதிலுக்குப் பயமாக இருக்கிறது.

மாலையில் தொகாஷி ஒலிபெருக்கியில் முடிவை அறிவித்தார். வரிசையைப் பார்த்த யாருக்கும் அது தேவைப்பட்டிருக்காது. அடுத்த வருஷத்திலிருந்து மீசோ. எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன், கிழங்கு அரிப்பு இன்னும் போகாத கையால். தமாயோ எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பி வணங்கினாள். என் பக்கம் கொஞ்சம் ஆழமாக வணங்கினாள் என்று குனிஹாரு சொல்கிறார். அவர் பேச்சை நான் கணக்கில் எடுப்பதில்லை. பிறந்தநாள் உறையிலும் அவருக்கு சுசுனே வரவில்லை.

ஆகவே, அக்கா, நான் ஆழ்ந்து யோசித்துச் சில முடிவுகளுக்கு வந்திருக்கிறேன். தோல்வியை ஏற்கிறேன். தமாயோவை வாழ்த்துகிறேன், ஆனால் இக்கரையிலிருந்து. இந்த ஜென்மத்தில் அவளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடமாட்டேன், அந்தப் பாலத்திலும் இனிக் கால் வைக்கமாட்டேன். பஞ்சாயத்து ஆபீஸ் அந்தக் கரையில் இருக்கிறது, இருந்தால் இருக்கட்டும், குனிஹாரு போவார். ஒரு படத்தில் யாரோ ஒரு பெண் எதையோ தின்றாள் என்பதற்காக ரயிலேறிப் போய் அதையே தின்கிற மனிதர்களை என் அறிவால் கடைசிவரை புரிந்துகொள்ள முடியாது, புரிந்துகொள்ளவும் முயலமாட்டேன். என் மனம் இப்போது பனி விழுந்த வயல் மாதிரி அமைதியாக இருக்கிறது. இந்த விஷயத்தை இனி நீயும் எடுக்காதே.

குளிர் ஏறுகிறது, உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானை இடுப்பில் கம்பளிப் பட்டை கட்டிக்கொள்ளச் சொல். உன் மாமியார் படத்துக்கு என் சார்பில் ஓர் ஊதுவத்தி ஏற்று. உங்கள் வீட்டில் எல்லாரும் குறைவில்லாமல், பல்லோடும் பசியோடும் நெடுநாள் வாழ வேண்டும் என்று ஆற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து வேண்டிக்கொள்ளும்,

உன் தங்கை,
இகுகோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது தமாயோ ஏப்ரனோடு பாலத்தில் ஓடிவந்தாள், மூச்சு வாங்க. "இகுகோ, கேட்டியா? ரெண்டாவது பாகம் அறிவிச்சுட்டாங்க! அஞ்சு பொண்ணுங்களும் ரேடியோவத் தூக்கிக்கிட்டு அகிதாவுக்குப் போறாங்களாம்! அங்க மொத நாளே கிரிதான்போ திங்கிறாங்களாம்!" என்றாள். "அந்தக் குச்சியில ஒட்டுன சோறா?" என்றேன். "சோத்த இடிச்சுக் குச்சியில அப்பி, வாட்டி, கோழிச் சாறுல முக்கி! அதுக்கு சுசுனே ரெண்டு கண்ணுலயும் தண்ணி விடுறாளாம்!" இருவரும் உட்கார்ந்துவிட்டோம். ஆளுக்கொரு கிண்ணம் ஊற்றினேன், ஒரே மேசையில் சாப்பிட்டோம், ஒரே அளவுக்கு வயிறெரிந்தது. செவ்வாய்க்கிழமை இரண்டு கடைக்கும் விடுமுறை, காலை ரயிலில் அகிதா போகிறோம். ஜன்னலோர இருக்கை அவளுக்கு, திரும்பும்போது எனக்கு. அதில் அப்படி என்ன இருக்கிறது என்று பார்த்துக் குறை கண்டுபிடிக்கத்தான் போகிறோம், வேறொன்றுமில்லை. ஒப்பிட்டுப் பார்க்கச் சௌகரியமாக இருக்கும் என்று சுசுனே பொம்மை ஒன்றும் வாங்கியிருக்கிறேன். ஆகவே மேலே தமாயோவைப் பற்றி எழுதியதையெல்லாம் கிழித்துப்போட்டுவிடு. மீசோவைப் பற்றி எழுதியது அப்படியே இருக்கட்டும்.